நான்காம் அத்தியாயம்: சோறு போடும் படிப்பா, மனசுக்குப் பிடித்த படிப்பா?

பிளஸ் டூ முடிவு வந்த அன்றே அத்தை, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், அப்பாவுடன் வேலை பார்ப்பவர் என்று ஆளுக்கொரு படிப்பைச் சொல்வார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே எடுக்கிற முடிவு பெரும்பாலும் உங்களுடையதாக இருக்காது. அதனால் இந்த அத்தியாயத்தில் சொல்லும் வேலைகளைப் பொதுத்தேர்வு முடிந்த மறுவாரமே தொடங்கிவிடுங்கள். முடிவு வருவதற்குள் கிடைக்கும் வாரங்கள் போதும். கையில் ஒரு 80 பக்க நோட்டு இருந்தால் போதும். வேறு செலவு இல்லை.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு குழப்பத்தை எடுத்துக்கொள்வோம். கணிதப் பிரிவில் படித்த ஒருவர். கட்-ஆஃப் 200க்கு 170 வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். வீட்டில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார்கள். அவருக்கோ வரலாறு பிடிக்கும். கீழடிக்குப் போய் வந்ததிலிருந்து அதே நினைப்பு. உங்கள் பாடங்கள் வேறாக இருக்கலாம், படிகள் இதேதான்.

படி 1: பிடிக்கிறது என்பதைச் சோதித்துப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். "எனக்கு இந்தப் பாடம் பிடிக்கும்" என்கிற ஒரே வாக்கியத்துக்குள் பல விஷயங்கள் ஒளிந்திருக்கும். சிலருக்குப் பாடம் நடத்திய ஆசிரியரைப் பிடித்திருக்கும். சிலருக்கு அதில் மார்க் வந்தது பிடித்திருக்கும். இன்னும் சிலருக்கு அந்தத் துறையைப் பற்றிய கதைகளையும் வீடியோக்களையும் பார்ப்பது பிடித்திருக்கும். இவை எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் மூன்று வருடம் ஒரு பாடத்தோடு குடும்பம் நடத்த இவை போதாது.

1. நீங்கள் சேர நினைக்கும் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறதோ, அதன் இணையதளத்தில் அந்தப் பட்டப்படிப்பின் பாடத்திட்டம் இருக்கும். முதல் இரண்டு செமஸ்டர்களை மட்டும் நோட்டில் எழுதுங்கள்.

2. மாவட்ட மைய நூலகத்துக்குப் போய், அதில் சொல்லியிருக்கும் பாடநூல்களில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அதே பாடத்தில் வேறு நூல். சென்னையில் இருப்பவர்களுக்குக் கன்னிமாராவும் அண்ணா நூற்றாண்டு நூலகமும் உண்டு. மதுரைப் பக்கம் கலைஞர் நூற்றாண்டு நூலகம்.

3. பத்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் படியுங்கள். சுவையான அத்தியாயத்தைத் தேடிப் போகாதீர்கள். முதல் பக்கத்திலிருந்து வரிசையாக.

4. அந்தத் துறையின் சலிப்பான வேலை ஒன்றைக் கையால் செய்யுங்கள். இதுதான் முக்கியம்.

5. ஒவ்வொரு நாள் முடிவிலும் நோட்டில் ஒரே வரி: நேரம் போனதே தெரியவில்லையா, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேனா?

சலிப்பான வேலை என்றால் என்ன என்று கேட்பீர்கள். கீழடி அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாக வைத்திருக்கும் அந்தப் பானை ஓட்டை, அங்கே வருவதற்கு முன் யாரோ ஒருவர் கழுவி, எண் போட்டு, அளந்து, எந்தக் குழியில் எந்த ஆழத்தில் கிடைத்தது என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறார். அப்படி ஆயிரக்கணக்கான ஓடுகள். வரலாறு பிடிக்கும் என்பவர் தன் ஊர்ப் பெருமாள் கோயில் சுவரிலோ சிவன் கோயில் சுவரிலோ உள்ள கல்வெட்டின் முன் இரண்டு மணி நேரம் நின்று, புரிகிற எழுத்துகளை மட்டும் ஒரு தாளில் படி எடுத்துப் பார்க்கட்டும். பெரும்பாலும் "இவ்வளவு நிலம், இவ்வளவு நெல், இத்தனை விளக்கு" என்றுதான் இருக்கும். அந்தக் கணக்கைப் படித்துவிட்டு, இந்த நிலத்தை யார் கொடுத்தார், ஏன் கொடுத்தார் என்று கேட்கத் தோன்றினால் அந்தப் பிடிப்பு உண்மையானது. வெயில் மட்டும்தான் நினைவிருக்கிறது என்றால், வரலாறு உங்களுக்கு நல்ல வாசிப்பாக இருக்கட்டும். பட்டமாக வேண்டாம்.

மற்ற பாடங்களுக்கும் இப்படியே. நாவல் படிப்பது பிடிக்கும் என்பதற்காகத் தமிழ் இலக்கியம் எடுப்பவர், அந்தப் படிப்பில் நன்னூலும் யாப்பருங்கலக் காரிகையும் காத்திருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வாரம் நன்னூல் எழுத்ததிகாரத்தோடு உட்கார்ந்து பாருங்கள். உளவியல் கேட்பவர்கள் புள்ளியியல் தாளைத் திறந்து பாருங்கள். விஸ்காம் ஆசை உள்ளவர்கள் யாருடைய கல்யாண வீடியோவையாவது வாங்கி, மூன்று மணி நேரப் பதிவைப் பத்து நிமிடமாக வெட்டிக் கொடுங்கள்.

குறிப்பு: வீட்டில் சொல்கிற படிப்புக்கும் இதே பத்து நாள் சோதனை உண்டு. பைத்தானில் சின்னச் சின்ன நிரல்கள் எழுதிப் பாருங்கள். ஓடாத நிரலில் தப்பு எங்கே என்று ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தபோது சந்தோஷமாக இருந்தால், "அப்பா சொன்னதால்" என்று ஒதுக்கி வைத்த படிப்பு உங்களுக்கே பிடித்த படிப்பாகிவிடலாம். அப்படி மாறிப்போன பலரை நான் பார்த்திருக்கிறேன்.

படி 2: வேலை கிடைக்கும் என்பதையும் சோதித்துப் பாருங்கள்

சோறு போடும் படிப்பு என்று பெயர் வாங்கிய படிப்பு எல்லோருக்கும் சோறு போடுவதில்லை. முடிப்பவருக்குத்தான் போடும். என் அக்கா மகன் வேலை கிடைக்கும் என்ற ஒரே காரணத்துக்காகப் பொறியியலில் சேர்ந்தான். மூன்றாம் வருடம் முடியும்போது ஒன்பது அரியர். நாலு வருடப் படிப்பை முடிக்க ஆறு வருடம் ஆனது. அந்த ஆறு வருடமும் வீட்டில் விசேஷம் என்றால் அவன் வரமாட்டான்; "எப்போ முடிக்கப் போறே?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயம். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. அவன் திறமையில்லாத பையன் இல்லை. அவனிடம் யாரும் படி 1ஐச் செய்யச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கல்லூரியைப் பற்றி விசாரிக்கும் வரிசை:

1. பொறியியல் கல்லூரி என்றால், இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர் வாரியாக வெளியிடுகிறது. அதை முதலில் பாருங்கள். விளம்பரப் பலகையை அப்புறம் பார்க்கலாம்.

2. "நூறு சதவீதம் பிளேஸ்மெண்ட்" என்றால் எதில் நூறு என்று கேளுங்கள். அந்தப் பிரிவில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் அரியர் இல்லாமல் முடித்தார்கள், எத்தனை பேரை நேர்காணலுக்கு அனுமதித்தார்கள், எத்தனை பேர் கையில் வேலைக் கடிதம் வந்தது, எத்தனை பேர் உண்மையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இந்த ஐந்து எண்களும் வேண்டும். ஒன்றை மட்டும் சொல்பவரிடம் மற்ற நான்கையும் கேளுங்கள்.

3. பெரிய சம்பளம் வாங்கிய ஒருவரின் படத்தைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். நடுவில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்று விசாரியுங்கள்.

4. இறுதியாண்டு மாணவர்கள் மூன்று பேரிடம் பேசுங்கள். கல்லூரிக்குள் வேண்டாம், பக்கத்து டீக்கடையிலோ பஸ் ஸ்டாப்பிலோ பேசினால் உள்ளது உள்ளபடி சொல்வார்கள்.

5. கலைக் கல்லூரிக்கும் இதே விசாரணை. அந்தத் துறையில் எத்தனை நிரந்தரப் பேராசிரியர்கள், போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே, எத்தனை பேர் எம்.ஏ.வுக்குப் போனார்கள் என்று கேளுங்கள்.

படி 3: பணக் கணக்கு

மனசு எவ்வளவு சொன்னாலும் இந்தப் பக்கத்தை எழுதாமல் மேலே போகாதீர்கள். இரண்டு பத்தியாக நோட்டைப் பிரித்து, ஒவ்வொரு படிப்புக்கும் ஃபீஸ், ஹாஸ்டல், பஸ், புத்தகம், லேப்டாப், கூடுதலாக ஆகக்கூடிய ஒரு வருடம் எல்லாவற்றையும் எழுதுங்கள். அரசு கலை அறிவியல் கல்லூரி என்றால் வருடக் கட்டணம் சில ஆயிரங்களோடு நின்றுவிடும். தனியார் பொறியியல் கல்லூரி என்றால் கடன் வரைக்கும் போகலாம்.

கடன் எப்படி வளரும் என்று தெரியாமலேயே கையெழுத்துப் போடுகிறார்கள். 4 லட்ச ரூபாய்க் கடன், வருடத்துக்கு 1 லட்சமாக நான்கு தவணையில் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தனிவட்டியாகப் பார்த்தாலும் முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 50,000, அடுத்ததற்கு 40,000, பிறகு 30,000, 20,000. கட்டத் தொடங்கும்போது கடன் 5 லட்சத்து 40 ஆயிரம். அதை ஏழு வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 9,000 ரூபாய் வேண்டும். முதல் சம்பளம் 18,000 என்றால் பாதி போய்விடும். இந்த 9,000 என்ற எண்ணை நோட்டில் வட்டம் போட்டு வையுங்கள்.

சலுகைகள் இரண்டு பக்கமும் உண்டு, விட்டுவிடாதீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது; அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிச் சலுகை தனி. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். அது பி.ஏ.வுக்கும் உண்டு, பி.இ.க்கும் உண்டு.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வீட்டில் ஒரே வருமானம், ஏற்கெனவே கடன், தங்கைக்குப் படிப்புச் செலவு வரப்போகிறது என்றால், சீக்கிரம் சம்பாதிக்க வைக்கிற படிப்பை எடுப்பதில் எந்தத் தோல்வியும் இல்லை. பிடித்த பாடத்தை வாழ்க்கை முழுக்கப் படிக்கலாம். ஆனால் அந்த நெருக்கடி இல்லாத வீட்டில், பயத்தினால் மட்டும் பிள்ளையைப் பிடிக்காத படிப்பில் தள்ளுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. கடன் வாங்கிப் பொறியியல் சேர்ந்து முடிக்காமல் போவதைவிட, கடன் இல்லாமல் முடித்த பி.ஏ. அந்த வீட்டுக்கு அதிகமாக உதவும்.

படி 4: எந்தக் கதவு திறக்கும், எந்தக் கதவு மூடும்

ஒரு பட்டத்தின் நடைமுறைப் பயனை அதன் பெயரை வைத்து அளக்காமல், அதன் பிறகு எங்கெல்லாம் நுழையலாம் என்பதை வைத்து அளந்து பாருங்கள்.

ஏதேனும் ஒரு பட்டம் போதும் என்கிற கதவுகள் நிறைய. யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2வில் பெரும்பாலான பணிகள், வங்கி அதிகாரித் தேர்வு, மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, எம்.பி.ஏ. இவற்றுக்குப் பி.ஏ. வரலாறும் பி.இ.யும் ஒன்றுதான். சொல்லப்போனால் குரூப் 1, 2 தேர்வுகளில் வரலாறு பெரிய பகுதி. பள்ளியிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்களுக்கு டி.என்.பி.எஸ்.சி.யில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. பட்டத்தையும் தமிழ் வழியில் முடித்தால்தான் பட்டத் தகுதிப் பணிகளில் அது கிடைக்கும். ஆங்கில வழி கௌரவம் என்று மாறுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

திரும்பி வரும் கதவுகளும் இருக்கின்றன. பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரி, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி இருக்கிறது. கணிதம் படித்திருந்தால் எம்.சி.ஏ.வுக்கும் போகலாம்.

கல்வித் துறைக் கதவுகளில் கவனம் வேண்டும். பள்ளி முதுகலை ஆசிரியராக, பாடத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் கேட்பார்கள், இளங்கலையும் அதே பாடமாக இருக்க வேண்டும். கல்லூரி ஆசிரியருக்கு முதுகலையோடு நெட் அல்லது செட். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. ஆனால் அது சிலருக்கே கிடைக்கும். அதை நம்பி மட்டும் திட்டம் போடாதீர்கள்.

கணிதமும் இயற்பியலும்தான் உங்கள் பிடித்த பாடம் என்றால், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகம், திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள ஐசர் நிறுவனங்கள் ஆகியவற்றின் நுழைவுத் தேர்வுகளைப் பதினொன்றாம் வகுப்பிலேயே குறித்து வையுங்கள். இவற்றின் விண்ணப்பத் தேதி போன பிறகு வந்து வருத்தப்படும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

எச்சரிக்கை: புதுப்பெயர் பட்டங்கள். வழக்கமான தாவரவியல், வணிகவியல் பெயரோடு இரண்டு சொல் சேர்த்துக் கவர்ச்சியாக ஒரு படிப்பு இருக்கும். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது மூலப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை காட்டச் சொல்வார்கள். இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே கல்லூரியில் கேட்டு, அதன் எண்ணை எழுதி வாங்குங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு வரைக்கும் போய் இந்த ஒரு காரணத்தால் திரும்பியவர்களின் வலி பெரிது.

படி 5: இரண்டையும் சேர்த்துப் படிக்க முடியுமா?

முடியும். 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க யு.ஜி.சி. அனுமதிக்கிறது. ஒன்றைக் கல்லூரிக்குப் போயும் மற்றதை இணையவழியிலோ தொலைநிலையிலோ படிக்கலாம். நம் எடுத்துக்காட்டு மாணவர் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டே, சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பில் சேரலாம். அதற்கு ஜே.இ.இ. தேவையில்லை, நான்கு வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். பட்டம் வரை போகாமல் இடையில் சான்றிதழோடும் டிப்ளமோவோடும் நிறுத்திக்கொள்ளவும் வழி இருக்கிறது. எதிர்த் திசையிலும் போகலாம்: கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டே இக்னோவிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ வரலாறு.

முதல் செமஸ்டரிலேயே இரண்டையும் தொடங்காதீர்கள். முதன்மைப் படிப்பில் ஒரு செமஸ்டர் அரியர் இல்லாமல் முடிந்த பிறகு இரண்டாவதைத் தொடுங்கள். அவசரப்பட்டு இரண்டிலும் தடுமாறுவதுதான் இந்த வழியில் அதிகம் நடக்கும் தவறு.

படி 6: வீட்டில் பேசுவது

உறவினர்கள் கூடியிருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். நாலு பேர் முன்னால் அப்பா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதிலிருந்து இறங்கி வருவது அவருக்கும் கஷ்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாடு முடிந்து, அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கும்போது நோட்டோடு உட்காருங்கள்.

"எனக்கு இதுதான் வேணும்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "அப்பா, ரெண்டு படிப்புக்கும் எவ்வளவு செலவு ஆகும், முடிச்சா என்னென்ன வேலைக்குப் போகலாம்னு எழுதி வச்சிருக்கேன். நீங்க ஒரு தடவை பாருங்கப்பா. எங்கயாவது தப்பா கணக்குப் போட்டிருந்தா சொல்லுங்க."

பிறகு அவர் பேசட்டும், குறுக்கே பேசாதீர்கள். அவருடைய கோபத்துக்குள் பெரும்பாலும் ஒரு பயம்தான் இருக்கும்: தான் பட்ட கஷ்டத்தைப் பிள்ளையும் படக்கூடாது. அந்தப் பயத்துக்குப் பதிலாக ஒரு காலக்கெடு கொடுங்கள். "மூணு வருஷம் முடிக்கிறதுக்குள்ள குரூப் 2க்குத் தயாராகிடுவேன், முதல் வருஷம் எழுபது சதவீதத்துக்குக் கீழ போனா நீங்க சொல்றபடி யோசிக்கிறேன்" என்பது மாதிரி. சொன்னதை நோட்டில் எழுதித் தேதி போடுங்கள். நீங்கள் பொறுப்போடு யோசித்திருக்கிறீர்கள் என்று அந்தத் தேதியே அவருக்குச் சொல்லிவிடும்.

படி 7: விண்ணப்பம்

முடிவு எடுத்துவிட்டாலும் இரண்டு பக்கமும் விண்ணப்பியுங்கள். பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பமும் அரசு கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பமும் தனித்தனி இணையதளங்கள். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

1. டி.சி., மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கி, ஐந்து ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். இ-சேவை மையத்தில் ஜூன் மாதக் கூட்டம் பயங்கரம்.

2. கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் கொடுக்கும்போது, மிகவும் வேண்டியதை முதலில் போடுங்கள். உங்கள் தரவரிசைக்குக் கிடைக்கக்கூடியவற்றில் பட்டியலில் மேலே இருப்பதுதான் ஒதுக்கப்படும். "எப்படியும் கிடைக்கும்" என்று சாதாரணக் கல்லூரியை மேலே போட்டு, நல்லதைக் கோட்டைவிட்டவர்கள் நிறையப் பேர்.

3. பட்டியலை நீங்களே கொடுங்கள். பிரவுசிங் சென்டரில் பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் கொடுத்துவிட்டு வந்தால், உங்கள் பெயரில் யாரோ ஒருவர் கல்லூரியைத் தேர்ந்தெடுத்துவிடுவார்.

4. சேரும் முன் யு.ஜி.சி. வெளியிடும் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பாருங்கள். "சீட் உறுதி, முன்பணம் கொடுங்கள்" என்கிற புரோக்கரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

5. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி. சேர்ந்த பிறகு விலகினால் கட்டணம் எவ்வளவு திரும்பும் என்பதற்கும் விதி உண்டு. நாள் தள்ளத் தள்ள அது குறையும். மனம் மாறினால் அன்றே எழுத்து மூலம் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

எந்தக் கலந்தாய்வு முடிவும் உயிரைவிடப் பெரியது இல்லை. தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், இருந்து என்ன பயன் என்று தோன்றினால் உடனே பேசுங்கள்: டெலி மானஸ் 14416, தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104. தமிழிலேயே பேசலாம்.

சேர்ந்த பிறகு: நவம்பர் மாதச் சோதனை

முதல் செமஸ்டர் தேர்வுக்கு முன் நோட்டை மறுபடி எடுங்கள். பத்து நாள் சோதனையில் எழுதிய அதே கேள்வியை இப்போதும் ஒரு வாரம் எழுதுங்கள். வகுப்புப் பிடிக்கவில்லையா, பாடமே பிடிக்கவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். வகுப்புத்தான் சிக்கல் என்றால் நூலகமும் மேல் வகுப்பு மாணவர்களும் போதும். பாடமே ஒட்டவில்லை என்றால், அந்தக் கல்லூரியில் துறை மாற்ற வழி இருக்கிறதா, கடைசித் தேதி என்ன என்று துறைத்தலைவரிடம் அந்த வாரமே கேளுங்கள். மாற முடியாவிட்டால் அடுத்த கலந்தாய்வுக்கு எந்தச் சான்றிதழ்கள் தேவை என்று எழுதி வைத்து, நடப்புத் தேர்வையும் எழுதிவிடுங்கள். அரியரோடு வெளியே வருவதைவிடத் தேர்ச்சியோடு வெளியே வருவது எங்கே போனாலும் உதவும்.